குளிக்க மாட்டேன் என்கிறார், என்ன செய்வது?

ஜனவரி 6, இரவு 10.20 (கேள்வி)

அம்மாவுக்கு அல்சைமர். நடுக்கட்டம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாகக் குளிக்கவில்லை. கேட்டால் "காலையிலேயே குளிச்சாச்சு" என்கிறார். நேற்று நானும் தங்கையுமாகக் கையைப் பிடித்து அழைத்துப் போனோம். கத்தி, தங்கையின் கையைக் கீறிவிட்டார். இது பிடிவாதம்தானே? கொஞ்சம் கண்டிப்பாக இருந்தால் பழகிவிடும் என்கிறார்கள். சரியா?

ஜனவரி 6, இரவு 11.05

பழகாது. முதலில் தங்கையின் கீறலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். நகக்கீறல் சீக்கிரம் சீழ் பிடிக்கும்.

பிடிவாதம் பிடிக்க ஞாபகம் வேண்டும். அம்மாவிடம் நேற்று நடந்தது இல்லை, நேற்றைய பயம் மட்டும் இருக்கிறது. ஐயோவா பல்கலைக்கழகம் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான படத்துண்டுகளும் சிரிப்பூட்டும் படத்துண்டுகளும் போட்டுக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது பார்த்ததில் பெரும்பகுதி மறந்திருந்தது. வருத்தம் அரை மணி நேரம் வரை போகவில்லை. அதிகம் மறந்தவர்களிடம்தான் அது கூடுதல் நேரம் தங்கியது. ஏன் வருத்தமாக இருக்கிறோம் என்றே தெரியாமல் வருத்தப்படுவது எப்படி இருக்கும் என்று பாருங்கள். படத்துக்கே அப்படி என்றால், இரண்டு பேர் சேர்ந்து இழுத்ததற்கு?

ஆகவே இந்த வாரம் "குளி" என்ற சொல்லே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சின்னத் துண்டை அம்மா கையில் கொடுங்கள். முகம் துடைத்துக்கொள்வார். இன்றைக்கு அதுவே போதும்.

ஜனவரி 7, காலை 6.50

இரவு அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். "குளிச்சாச்சு" என்பது பொய் இல்லை. பல வருடம் தினமும் செய்த வேலை அது. இன்றைய இடம் காலியாக இருப்பதால் பழைய நாள் ஒன்று வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது. கூடவே, அல்சைமரில் மோப்ப உணர்வு ஆரம்பத்திலேயே மங்கத் தொடங்கும். தன்மேல் வாடை வருவது அவருக்குத் தெரியாது. "நாறுது" என்று சொன்னால் காரணமில்லாமல் அவமானப்படுத்துவதாகவே அவருக்குப் படும்.

ஜனவரி 7, மதியம் 1.15 (கேள்வி)

அப்படியானால் தினமும் குளிக்க வைக்கவே வேண்டாமா? தோல் கெட்டுப்போகாதா?

ஜனவரி 7, இரவு 9.30

வாரம் இரண்டு முழுக் குளியல் போதும். வயதான தோலுக்கு எண்ணெய்ப்பசை குறைவு. தினமும் சோப்புப் போட்டால் வறண்டு வெடித்து அரிப்பு வரும்.

தினமும் விடக்கூடாத இடங்கள் வேறு: முகம், கை, அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, வயிற்று மடிப்பு, தொடையிடுக்கு, கால்விரல் இடுக்கு. மடிப்புகளில் ஈரம் நின்றால் பூஞ்சை வரும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், மெலிந்த தோல் தேய்த்தால் உரியும். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர்த் தொற்று வர வழியாகும். மலம் சிறுநீர் பட்டால் மட்டும் மணி பார்க்காமல் உடனே சுத்தம் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. காலையில் முகமும் கையும், கழிப்பறைக்குப் போகும்போது கீழ்ப்பகுதி, இரவு உடை மாற்றும்போது அக்குள், படுக்கும் முன் பாதம்.

ஜனவரி 8, இரவு 10.00

குளியலை ஒரு வேலையாக நினைக்கிறோம். எண்ணிப் பாருங்கள்: எழுந்து நடக்க வேண்டும், படி தாண்ட வேண்டும், பொத்தான் கழற்ற வேண்டும், கையை உருவ வேண்டும், குளிரைத் தாங்க வேண்டும், உட்கார வேண்டும், தண்ணீர் சத்தம் எதனால் என்று புரிய வேண்டும், சோப்பு எதற்கு என்று தெரிய வேண்டும். இருபதுக்கு மேல் வரும். நடுக்கட்டத்தில் இந்த வரிசைதான் முதலில் கலைகிறது. தனித்தனியாக ஒவ்வொன்றும் கைக்குத் தெரிந்திருக்கும், அடுத்தது எது என்பது தெரியாது.

அதனால் ஒரு நேரத்தில் ஒரே வாக்கியம். "கையைக் குடுங்கம்மா." சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராததால் மூன்றாவது நொடியிலேயே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்கிறோம். முதல் வாக்கியம் பாதி வழியில் இருக்கும்போது இரண்டாவது வந்து மோதி, இரண்டுமே வீணாகும். இரண்டு பேர் உடன் இருந்தால் ஒருவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர் கை மட்டும் கொடுக்கட்டும். அம்மாவின் தலைக்கு மேலே நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது இன்னும் மோசம்.

பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ தொடாதீர்கள். இந்த நோயில் பார்வை கவனிக்கும் அகலம் சுருங்கிவிடும், திடீரென்று முளைத்த கையாகத்தான் அவருக்குத் தெரியும். முன்னால் வந்து, கண் மட்டத்துக்குத் தாழ்ந்து, பெயரோ உறவோ சொல்லி, பிறகு கையை நீட்டுங்கள்.

துடைக்கும்போது அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்ய உதவுபவர்) டீப்பா ஸ்னோ பரப்பிய "கைக்கு அடியில் கை" முறை உதவும். கைகுலுக்குவதுபோல் பிடித்து, கட்டைவிரல்கள் கோத்தபடியே, உங்கள் கை அவர் கைக்குக் கீழே வருமாறு திருப்புங்கள். துணியை உங்கள் விரல்கள் பிடித்திருக்கும், அவர் கை உங்கள் கைமேல் சவாரி செய்யும். தன் கையே துடைப்பதாக உடம்பு உணரும். மணிக்கட்டைப் பிடித்தால் சிறைப்பட்ட உணர்வு வந்து உதறுவார். உங்கள் வீட்டில் கீறல் விழுந்ததும் அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 10, இரவு 9.45

குளியலறை பற்றி.

கருநிற மிதியடியைத் தூக்குங்கள். வெளிர்த் தரையில் அது பள்ளமாகத் தெரியும், காலை வைக்க மாட்டார். வழுக்காத விரிப்பு வேண்டும், தரையின் நிறத்திலேயே வேண்டும். இருக்கைக்கு நேர்மாறு: வெள்ளைச் சுவர் முன் வெள்ளை நாற்காலி வைத்தால் அது அவர் கண்ணுக்கு இல்லவே இல்லை. அடர் நீலமோ சிவப்போ வாங்குங்கள்.

கண்ணாடியை மூடுங்கள். உள்ளே நிற்கும் கிழவியைத் தானென்று அறியாதவர் அந்நியர் முன் ஆடை அவிழ்ப்பாரா?

துண்டு தொங்கவிடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. அதைப் பிடித்துத்தான் எழுவார், சுவரோடு பெயர்ந்து வரும். சுவரில் திருகிப் பொருத்திய கைப்பிடிக் கம்பி போடுங்கள். உள்தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள், அல்லது வெளியிலிருந்து திறக்கிற வகையாக மாற்றுங்கள்.

அறை 24 முதல் 26 டிகிரி இருக்கட்டும், தண்ணீர் 37, 38. இதைக் கையால் சோதிப்பதை நம்பவில்லை நான். பராமரிப்பவர் கை சூட்டுக்குப் பழகியிருக்கும். மிதக்கும் வெப்பமானி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரி தண்ணீர் ஐந்து நொடிக்குள் ஆழமாகச் சுட்டுவிடும், "சுடுது" என்ற சொல் அவருக்கு அதற்குள் வராது. கீசரை 50-க்குக் கீழே வையுங்கள்.

ஆள் உள்ளே வருவதற்கு முன்பே தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். குழாய் கொட்டும் சத்தம் பல பேருக்குப் பீதி. தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவர் வேண்டவே வேண்டாம். கைக்குழாயோ குவளையோ, பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். தோளிலும் மடியிலும் ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும். துண்டோடு சேர்த்தே தண்ணீர் ஊற்றலாம், கழுவும் இடத்தை மட்டும் விலக்கினால் போதும்.

ஜனவரி 11, காலை 7.10

திருத்தம். கீசரை 50-க்குக் கீழே என்று பொதுவாக எழுதிவிட்டேன். பெரிய தொட்டியில் வெந்நீரைத் தேக்கிவைக்கும் ஹீட்டராக இருந்தால் அது தவறு. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும், அதனால் தொட்டி 60-ல் இருக்க வேண்டும். சூட்டைக் குறைக்க வேண்டிய இடம் குழாய்: வெப்பக் கட்டுப்பாட்டுக் கலப்பு வால்வு பொருத்தச் சொல்லுங்கள். அது வரும்வரை வாளியில் கலந்து, வெப்பமானி பார்த்துப் பயன்படுத்துங்கள்.

ஜனவரி 12, மாலை 4.30 (கேள்வி)

முகம், கை, பாதம் மூன்றுக்கும் அம்மா ஒத்துக்கொள்கிறார். குளியலறை வாசலில் மட்டும் உடம்பு விறைக்கிறது.

ஜனவரி 12, இரவு 10.40

அப்படியானால் குளியலறையை விட்டுவிடுங்கள். படுக்கையிலேயே குளிக்கலாம். இதைத் துண்டுக் குளியல் என்பார்கள். மருத்துவமனையில் ஈரத்துணியால் அங்கங்கே துடைக்கும் சடங்கை நினைக்காதீர்கள், இதில் உடம்பு முழுக்க வெதுவெதுப்பாக மூடியே இருக்கும்.

பிலிப் ஸ்லோனும் உடன் பணியாற்றியவர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் 15 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 73 பேரைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஏற்ப மாற்றிய ஷவர் குளியலில் அடிப்பது, கடிப்பது போன்றவை 53 சதவீதம் குறைந்தன. துண்டுக் குளியலில் 60 சதவீதம். ஆளை மாற்றவில்லை, மருந்தைக் கூட்டவில்லை, குளிப்பாட்டும் விதத்தை மட்டும் மாற்றினார்கள்.

தேவை: கழுத்திலிருந்து பாதம்வரை வரும் பெரிய பருத்தித் துண்டு ஒன்று, நடுத்தரத் துண்டு ஒன்று, சின்னத் துண்டு மூன்று, உலர்ந்த போர்வை இரண்டு, கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பை, 2 லிட்டர் தண்ணீர், அலசத் தேவையில்லாத குளியல் திரவம் 30 மில்லி (பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி).

தண்ணீர் 40 முதல் 43 டிகிரி. துண்டுக்குப் போவதற்குள் ஆறும், அதனால்தான் இவ்வளவு. துண்டுகளைச் சுருட்டிப் பைக்குள் வைத்து, திரவம் கலந்த நீரை ஊற்றி, வெளியிலிருந்து பிசைந்து, மிச்ச நீரை வடித்து, பையின் வாயை முறுக்கி மூடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், துண்டின் ஒரு மடிப்பு மட்டும் கொதிக்கும், வெளியே தெரியாது.

அம்மா படுத்திருக்க, உலர் போர்வை ஒன்று அடியில், மற்றொன்று மேலே. போர்வைக்குள்ளேயே உடையைக் கழற்றுங்கள். பெரிய துண்டை உங்கள் முழங்கை உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மார்பிலிருந்து பாதம் நோக்கி விரித்துக்கொண்டே மேல் போர்வையை உருவுங்கள். ஒரு நொடிகூட வெற்றுடம்பு தெரியக்கூடாது. பிறகு துண்டின் மேலாகவே பாதத்திலிருந்து மெதுவாக அழுத்தி நீவுங்கள். கால், வயிறு, கை, மார்பு. முகத்துக்குச் சின்னத் துண்டு, அவரே செய்யட்டும். பக்கவாட்டில் திருப்பி முதுகுக்கு நடுத்தரத் துண்டு. கீழ்ப்பகுதிக்குத் தனித் துண்டு, கடைசியில். எல்லாம் முடிய 10 முதல் 15 நிமிடம். அலச வேண்டாம், ஈரத் துண்டை உருவும்போதே உலர் போர்வையை இழுத்து மூடி, பத்து நிமிடம் அப்படியே இருக்க விடுங்கள். பலர் தூங்கிவிடுவார்கள்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். துண்டில் நீர் அதிகமானால் கனத்து, சீக்கிரம் குளிர்ந்து, படுக்கையும் நனையும். சாதாரண சோப்பு கலந்தால் தோலில் படிந்து அரிக்கும். பொருளெல்லாம் எடுத்துவைக்காமல் தொடங்கிவிட்டு நடுவில் எழுந்து போனால், திரும்பி வரும்போது உங்களை வேறு யாரோ என்று நினைப்பார்.

திருப்பும் நேரத்தில் குதிகால், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதியைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 15, இரவு 8.20 (வேறொருவர்)

அப்பாவுக்கு வாஸ்குலார் டிமென்ஷியா (மூளைக்கு ரத்த ஓட்டம் குறைவதால் வரும் மறதி நோய்). உட்கார்ந்திருக்கும்வரை சிரித்த முகம். எழுப்பினால் அடிக்கிறார். அமைதிப்படுத்த மாத்திரை கேட்கலாமா?

ஜனவரி 15, இரவு 9.50

எழும்போது மட்டும் என்றால் முதலில் வலியைச் சந்தேகியுங்கள். முழங்கால், இடுப்பு, தோள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார், அந்தச் சொல்லே கைவிட்டிருக்கும்.

சொல்ல முடியாதவர்களின் வலியைப் பார்க்க 2003-ல் வெளியான பெயினாட் என்ற அளவுகோல் இருக்கிறது. மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறாரா என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுப்பும்போது ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் 352 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுத்த குழுவில் எட்டு வாரத்தில் கொந்தளிப்பு 17 சதவீதம் குறைந்தது. பெரும்பாலானோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால். குளிக்க வைப்பதற்கு முக்கால் மணி முன்பு கொடுக்கலாமா, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரலும் எடையும் பார்த்துத்தான் அளவு.

அமைதிப்படுத்தும் மாத்திரை கடைசிப் படி. டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு ஆன்டிசைக்கோடிக் மருந்துகள் (மனநோய்க்குத் தருபவை) கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. லூவி பாடி என்ற டிமென்ஷியா வகையில் சிலருக்கு உடம்பே மரக்கட்டையாகிவிடும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். எதற்காக, எத்தனை நாளைக்கு, எப்போது குறைத்துப் பார்ப்பது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வேண்டும்.

ஜனவரி 16, காலை 6.30

இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். மறுப்பு எத்தனை நாளாக என்பது முக்கியம். மாதக்கணக்கில் மெல்ல வந்தது நோய். இரண்டு நாளில் திடீரென்று வந்தால், அல்லது கலகலப்பானவர் திடீரென்று சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், அது டெலீரியமாக (உடல்நலக் கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பம்) இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொற்று, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து, இவைதான் வழக்கமான காரணங்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் தரும் டைபென்ஹைட்ரமின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் மூன்றும் குழப்பத்தைக் கூட்டக்கூடியவை.

ஜனவரி 19, இரவு 10.15 (கேள்வி)

இரண்டு முறை துண்டுக் குளியல் ஆயிற்று. இரண்டாவது முறை தூங்கிப்போனார். ஒரு கேள்வி: "டாக்டர் குளிக்கச் சொன்னார்" என்று பொய் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லலாமா?

ஜனவரி 20, இரவு 11.00

இதில் என் எண்ணம் மாறியிருக்கிறது. பயம் தணிந்தால் போதும், சொன்னது உண்மையா என்பது இரண்டாம்பட்சம் என்று நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. டிமென்ஷியா உள்ளவருக்கு நல்ல நேரங்கள் உண்டு. அந்த நேரத்தில் பொய் பிடிபட்டால், எதற்கு ஏமாந்தோம் என்பது மறந்து, இந்த ஆளை நம்பக்கூடாது என்பது மட்டும் நிற்கும். முதல் நாள் எழுதிய அதே கணக்குதான்.

மருத்துவரிடம் நிஜமாகவே எழுதி வாங்கலாமே. "தோல் பராமரிப்பு, வாரம் இருமுறை" என்று ஒரு சீட்டு, கையெழுத்தோடு. படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்து வெகுகாலம் தங்கும். சீட்டைக் காட்டுங்கள், சொன்னது உண்மையாகவும் இருக்கும்.

"முதலில் அம்மாவைப் பார்க்க வேண்டும்" என்று இறந்துபோன தாயைத் தேடும்போது "அவங்க போய் முப்பது வருஷமாச்சு" என்பதும் வேண்டாம், "வந்துடுவாங்க" என்பதும் வேண்டாம். "அவங்க எப்படிக் குளிப்பாட்டுவாங்க?" என்று கேளுங்கள். பேசிக்கொண்டே பாதி வேலை நடந்துவிடும்.

ஜனவரி 24, இரவு 9.10

தலைக்குளியல் பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். தலைக்கு வேறொரு நாள் வையுங்கள். உடம்புக்கும் தலைக்கும் ஒரே நாளில் என்றால் தலை நனைந்ததும் எல்லாம் உடைந்துபோகும். கழுத்தைப் பின்னால் சாய்க்காதீர்கள், தேய்ந்த கழுத்தெலும்பு வலிக்கும், தலை சுற்றும். நேராக உட்காரவைத்து, மடித்த உலர் துண்டை அவர் கையாலேயே கண்மேல் பிடிக்கச் சொல்லி, பின்மண்டையிலிருந்து குவளையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அதற்கும் மறுத்தால் ஈரத் துண்டைத் தலையில் சுற்றி ஐந்து நிமிடம் விட்டு அதனாலேயே துடைத்தெடுங்கள்.

முடிந்ததும் உடனே எழுப்பாதீர்கள். சூட்டில் ரத்தக்குழாய் விரிந்திருக்கும், எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழுவார். காலை ஆட்டச் சொல்லி இரண்டு நிமிடம் உட்காரவையுங்கள். மாய்ஸ்சரைசர் நாற்காலியிலோ கட்டிலிலோ உட்கார்ந்த பிறகுதான், ஈரத் தரையில் அது வழுக்கும். பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, மெழுகுவர்த்தி பக்கம் அந்த உடையோடு போகவிடாதீர்கள்.

ஜனவரி 29, இரவு 9.35 (கேள்வி)

நேற்று அம்மாவே குளியலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கூப்பிடவில்லை, விட்டுவிட்டேன். நகம் நீளமாக இருக்கிறது, மறுபடி கீறுவாரோ என்று பயம். வெட்டியைப் பார்த்தால் கையை இழுத்துக்கொள்கிறார்.

ஜனவரி 29, இரவு 10.20

கூப்பிடாமல் விட்டது சரி. நாளை குளியலறை நாற்காலியில் உலர்ந்த துண்டு ஒன்றைப் போட்டுக் கதவைத் திறந்து வையுங்கள், அவ்வளவுதான்.

நகத்துக்கு வெட்டியைக் காட்டவே வேண்டாம். பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்தால் நகம் மெத்தென்றாகும். அட்டை அரம் எடுத்து உங்கள் நகத்தை முதலில் தேயுங்கள், அவர் பார்க்கட்டும். பிறகு அவருடையதில் ஒரு விரல். நாளுக்கு இரண்டு விரல் போனால் ஐந்து நாளில் இரண்டு கையும் முடியும். கால் நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தை வளைத்து வெட்டினால் சதைக்குள் வளரும். சர்க்கரை நோய் இருந்தால் கால் நகத்தை நீங்கள் தொடாதீர்கள், பாத மருத்துவரிடம் விடுங்கள்.

ஜனவரி 31, இரவு 8.05 (கேள்வி)

அரத்தை என் கையிலிருந்து வாங்கி என் நகத்தைத் தேய்க்கிறார். தன்னுடையதைத் தொடவில்லை.

ஜனவரி 31, இரவு 8.30

நல்லது, தேய்க்கவிடுங்கள். உங்கள் பத்து விரலும் முடியட்டும். பிறகு "இப்ப உங்க கை" என்று உங்கள் உள்ளங்கையை அவர் கைக்கு அடியில் நீட்டுங்கள். பத்து வரை எண்ணுங்கள்.